கிறாஸ்மனும் காவிவெளியும்: ஏகபரிமாண அட்சரகணிதம் உருவான வரலாறு

தோற்றுவாய்

பல்கலைக்கழகத்திற் கணிதம் பயிலப் புகும் மாணவர், தொடக்கத்திலேயே ஏகபரிமாண அட்சரகணிதத்தைச் சந்திக்கின்றனர். காவிவெளி என்பதன் வரைவிலக்கணம் முதலிலே தரப்படுகின்றது. அதன்பின் ஏகபரிமாண உருமாற்றம், அவ்வுருமாற்றத்தைக் குறிக்கும் தாயம், அத்தாயத்தின் துணிகோவை, ஈற்றில் ஒருங்கமை சமன்பாடுகளின் தீர்வு எனப் பாடம் படிப்படியாக இறங்கிச் செல்கின்றது. இவ்வொழுங்கு தருக்கத்திற்குப் பொருத்தமானதே. ஆயினும் வரலாறு நடந்தது இதற்கு நேர்மாறான திசையிலாகும். சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே கைவந்திருந்தது. துணிகோவை 17 ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. தாயத்திற்குப் பெயர் கிடைத்தது 1850 ஆம் ஆண்டில். காவிவெளியின் வரைவிலக்கணம் அச்சேறியதோ 1888 ஆம் ஆண்டிலாகும்.

முதலிற் கற்பிக்கப்படுவது இறுதியிற் கண்டுபிடிக்கப்பட்டதாக இருப்பது ஏன்? இவ்வினாவிற்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வரைவிலக்கணம் என்பது வித்தன்று, விளைச்சல் என்பதே நாம் நிறுவ விழைவது. அவ்விளைச்சலை மிக முன்னரே கண்ட ஒருவரை அவர் காலத்தவர் படிக்காது விட்டமையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். அதிலிருந்து தமிழிற் கணிதம் எழுதும் நாமும் கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு.

சீனரின் கணிப்புக் கோல்கள்

பண்டைச் சீனத்தின் புகழ்பெற்ற கணித நூல் 'ஒன்பது அத்தியாயங்கள்' என வழங்கப்படுவது. ஹான் வமிசக் காலத்திலே தொகுக்கப்பட்ட இந்நூலுக்கு லியூ ஹுவி என்பார் கி.பி. 263 ஆம் ஆண்டில் விரிவுரை எழுதினார். இதன் எட்டாம் அத்தியாயம் முழுவதும் ஒருங்கமை சமன்பாடுகளைப் பற்றியதாகும். அதன் முதற் கணக்குப் பின்வருமாறு அமைகின்றது. உயர்தரக் கதிர்க்கட்டு 3, நடுத்தரக் கட்டு 2, கடைத்தரக் கட்டு 1 ஆகியன சேர்ந்து 39 அளவை தானியம் தரும். அவ்வாறே முறையே 2, 3, 1 கட்டுகள் 34 அளவையும், 1, 2, 3 கட்டுகள் 26 அளவையும் தரும். எனின், ஒவ்வொரு தரக் கட்டும் தரும் தானியம் எவ்வளவு?

சீனர் இவ்வெண்களைப் பலகையின்மீது கணிப்புக் கோல்களால் நிரல் நிரலாக அமைத்தனர். தெரியாக் கணியங்களுக்கு எழுத்துகள் எவையும் இடப்படவில்லை. ஓர் எண் நிற்கும் இடமே அது எதன் குணகம் என்பதைக் காட்டிற்று. இரண்டாம் நிரலை மூன்றாற் பெருக்கி, அதிலிருந்து முதல் நிரலை இருமுறை கழித்தால் உயர்தரக் கட்டு நீங்கி, 0, 5, 1, 24 என்னும் எண்கள் எஞ்சும். மூன்றாம் நிரலை மூன்றாற் பெருக்கி முதல் நிரலை ஒருமுறை கழித்தால் 0, 4, 8, 39 எஞ்சும். இவ்விரண்டிலிருந்தும் நடுத்தரக் கட்டையும் அவ்வாறே நீக்கினால், 36 கடைத்தரக் கட்டுகள் 99 அளவை தரும் என்பது பெறப்படும். எனவே கடைத்தரக் கட்டு 2¾ அளவையும், பின்னோக்கிப் பிரதியிட, நடுத்தரக் கட்டு 4¼ அளவையும், உயர்தரக் கட்டு 9¼ அளவையும் தரும்.

இன்று கவுசின் நீக்கல் முறை என நாம் கற்பிப்பது இதுவேயாகும். கழித்தலின்போது மறை எண்கள் தோன்றுமாதலால், நேர் எண்களுக்குச் செந்நிறக் கோல்களும் மறை எண்களுக்குக் கருநிறக் கோல்களும் பயன்படுத்தப்பட்டன. எண்களின் அடுக்கு அங்கே கண்முன் இருந்தது. அவ்வடுக்கைத் தனிப்பொருளாகக் கருதி, அதற்கென ஓர் இயல்புண்டா என எவரும் வினாவவில்லை. கணக்கு முடிந்ததும் கோல்கள் கலைக்கப்பட்டன.

துணிகோவை

அடுத்த படி ஒன்றையொன்று அறியாத இருவரால் ஏறத்தாழ ஒரே காலத்தில் எடுத்துவைக்கப்பட்டது. யப்பானில் செக்கி தக்ககசு 1683 ஆம் ஆண்டிலும், ஜேர்மனியில் லைப்னிஸ் 1693 ஆம் ஆண்டிலும், சமன்பாட்டுத் தொகுதியொன்றுக்குத் தீர்வுண்டா என்பதைக் குணகங்களை மட்டுங் கொண்டே தீர்மானிக்க வல்ல ஒரு கோவையைக் கண்டனர். லைப்னிஸ் இதனைப் பிரெஞ்சுக் கணிதரான லொப்பித்தாலுக்குக் கடிதமாக எழுதினார். ஒவ்வொரு குணகத்தையும் இரண்டு இலக்கங்களாற் குறிக்கும் வழக்கத்தை அவர் அங்கே கையாண்டார். முதலிலக்கம் எந்தச் சமன்பாடு என்பதையும், இரண்டாமிலக்கம் எந்தக் கணியம் என்பதையும் காட்டும். நாம் இன்றும் இக்குறியீட்டையே வழங்குகின்றோம். ஆனால் அக்கடிதம் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் அச்சேறியது.

இதனால் அக்கோவை மீண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று. ஜெனீவாவைச் சேர்ந்த கிறாமர், அட்சரகணித வளையிகள் பற்றி 1750 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதனைப் பொது விதியாகத் தந்தார். ஐந்து புள்ளிகளினூடாகச் செல்லும் இரண்டாம் படி வளையியைக் காண்பது போன்ற வினாக்களே அவரை இதற்கு இட்டுச் சென்றன. பின்னர் கோஷி 1812 ஆம் ஆண்டில் துணிகோவைகளை முறையாக ஆராய்ந்து, இரு துணிகோவைகளின் பெருக்கமும் ஒரு துணிகோவையே என்னும் தேற்றத்தை நிறுவினார்.

கிறாமரின் விதி அழகானது. ஆயினும் கணிப்பிற்கு உதவாதது. பத்துக் கணியங்கள் கொண்ட தொகுதியில் ஒரு துணிகோவையை விரித்தெழுதின் 36,28,800 உறுப்புகள் தோன்றும். அத்தகைய துணிகோவைகள் பதினொன்று தேவைப்படும். சீனரின் நீக்கல் முறையாலோ ஏறத்தாழ 430 பெருக்கல், வகுத்தல்களில் விடை வந்துவிடும். கொள்கையைத் தருவது ஒன்று, விடையைத் தருவது மற்றொன்று என்னும் இவ்விருமை இத்துறையின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

விடையை வேண்டி நின்றவர்கள் வானியலாளரும் நில அளவையாளருமாவர். அவதானங்கள் பல, ஒவ்வொன்றிலும் சிறு வழு உண்டு, ஆகவே சமன்பாடுகள் கணியங்களிலும் மிகையாக இருக்கும். இவற்றுட் சிறந்த பொருத்தத்தைத் தெரிவதற்கான இழிவு வர்க்க முறையை லெஜாந்தர் 1805 ஆம் ஆண்டிலும் கவுஸ் 1809 ஆம் ஆண்டிலும் வெளியிட்டனர். பல்லாஸ் என்னுஞ் சிறுகோளின் சுற்றுப்பாதையைக் கணிக்கும்போது, ஆறு தெரியாக் கணியங்களை ஒழுங்காக நீக்கும் முறையைக் கவுஸ் கையாண்டார். சீனரின் முறை ஐரோப்பாவிலே அவர் பெயரைப் பெற்றது இவ்வாறேயாகும்.

தாயத்தின் பிறப்பு

துணிகோவை அறியப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, துணிகோவை எந்த அடுக்கிலிருந்து பெறப்படுகின்றதோ அவ்வடுக்கிற்குப் பெயர் கிடைத்தது. அப்பெயரை இட்டவர் சில்வெஸ்ரர் ஆவார். அவர் யூதர். 1837 ஆம் ஆண்டில் கேம்பிறிஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் இரண்டாம் இடத்தைப் பெற்றும், இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைப் பிரமாணத்தை ஏற்றுக் கையொப்பமிட இயலாமையால் அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. காப்புறுதிக் கணிப்பாளராகத் தொழில் புரிந்துகொண்டே அவர் சட்டமும் கற்றார். அச்சூழலில் அவருக்கு நண்பரானவர் கேலி. அவரும் 14 ஆண்டுகள் வழக்குரைஞராகத் தொழில் புரிந்தவாறே கணித ஆய்வுக் கட்டுரைகளை எழுதிக் குவித்தவராவார்.

ஒரு செவ்வக அடுக்கிலிருந்து சில நிரைகளையும் நிரல்களையும் நீக்கி நீக்கிப் பல துணிகோவைகளைப் பெறலாம். எனவே அவ்வடுக்கு அவற்றுக்கெல்லாம் கருப்பை போன்றது எனக் கருதிய சில்வெஸ்ரர், 1850 ஆம் ஆண்டில் அதற்கு 'மற்றிக்ஸ்' எனப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அன்னையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. இதற்குத் தமிழ்நாட்டில் 'அணி' என்னும் சொல் வழங்குகின்றது. வரிசையாக நிற்றல் என்னும் பொருளை அது காட்டும். இலங்கையில் நாம் வழங்கும் 'தாயம்' என்னும் சொல்லோ, பழந்தமிழில் உரிமைப் பொருளைக் குறிப்பது; அதனுடன் 'தாய்' என்னும் ஓசையையும் தன்னுள்ளே கொண்டிருப்பது. சில்வெஸ்ரரின் உவமை இச்சொல்லிற் கேட்கின்றதென்பதை மாணவருக்கு எடுத்துக்காட்டுவது பயனுடைத்து.

சில்வெஸ்ரர் பெயரிட்ட பொருளுக்குக் கேலி உயிரூட்டினார். 1858 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரை, தாயங்களை எண்களைப் போலவே கூட்டலாம், பெருக்கலாம், நேர்மாறு காணலாம் எனக் காட்டியது. தாயம் என்பது ஓர் உருமாற்றத்தின் குறிப்பு. இரு தாயங்களின் பெருக்கம் ஓர் உருமாற்றத்தின்பின் மற்றோர் உருமாற்றத்தைச் செய்வதன் விளைவு. இப்பெருக்கலில் ஒழுங்கு மாறின் விடையும் மாறலாம். (1, 0) என்னும் புள்ளியை உற்பத்திப் புள்ளி பற்றி இடஞ்சுழியாக 90 பாகை சுழற்றிப் பின்னர் கிடையச்சிலே தெறிப்புறச் செய்தால் (0, -1) கிடைக்கும். முதலிலே தெறிப்புறச் செய்து பின்னர் சுழற்றினால் (0, 1) கிடைக்கும். ஒழுங்கு மாறின் விடை மாறும் பெருக்கலைக் கணித உலகம் அதற்கு 15 ஆண்டுகள் முன்னரே ஹமில்றனிடம் கண்டிருந்தது. 1843 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16 ஆந் திகதி டப்ளின் நகரின் கால்வாய்க் கரையில் நடந்து செல்கையில், நான்கு உறுப்புகள் கொண்ட புதிய எண்களான குவாத்தேனியன்களை அவர் கண்டார். காவியைக் குறிக்கும் 'வெக்ரர்' என்னும் சொல்லைக் கணிதத்தில் இன்றைய பொருளுக்கு அண்மையதாக வழங்கியவரும் அவரே.

தாயமொன்று தனது சொந்தச் சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும் என்னும் தேற்றம் கேலி, ஹமில்றன் ஆகிய இருவர் பெயராலும் வழங்குகின்றது. கேலி அதனை இரண்டாம், மூன்றாம் வரிசைத் தாயங்களுக்குச் சரிபார்த்தபின், பொது நிறுவலின் உழைப்பை மேற்கொள்ளத் தேவையில்லை எனக் கருதி விட்டுவிட்டார். பொது நிறுவலைப் புரோபீனியஸ் 1878 ஆம் ஆண்டில் தந்தார்.

ஸ்ரெற்றின் நகரத்து ஆசிரியர்

இனிக் காலவொழுங்கிற் சற்றுப் பின்சென்று, நாம் தொடக்கத்திலே குறிப்பிட்டவரிடம் வருவோம். ஹேமன் கிறாஸ்மன் 1809 ஆம் ஆண்டில் அன்றைய பிரசியாவின் ஸ்ரெற்றின் நகரிலே பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. பேர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றவை இறையியலும் மொழியியலுமாகும். கணிதத்தைத் தாமாகவே கற்று, தமது ஊரிலே பாடசாலை ஆசிரியரானார்.

ஒரு நேர்கோட்டிலே ஏ, பி, சி என மூன்று புள்ளிகள் இருப்பின், அவை எவ்வொழுங்கில் அமைந்தாலும், திசையையும் கருத்திற் கொண்டால், ஏ-பி, பி-சி ஆகிய துண்டங்களின் கூட்டுத்தொகை ஏ-சி என்பதே. இவ்வெளிய நோக்கிலிருந்து கிறாஸ்மன் புறப்பட்டார். திசை கொண்ட துண்டங்களைக் கூட்டலாம், எண்ணாற் பெருக்கலாம். அவ்வாறாயின் அத்துண்டங்கள் நாம் வாழும் வெளியிலே கிடக்கவேண்டும் என்னும் கட்டாயம் எங்கேயுள்ளது? பரிமாணம் மூன்றுடன் நிற்கவேண்டுவது ஏன்? கேத்திரகணிதத்தை வெளியின் அறிவியலாகவன்றி, பொதுவான 'பரப்பின்' கொள்கையினது ஓர் எடுத்துக்காட்டாக மட்டுமே அவர் கண்டார். அக்கொள்கையை விரித்துரைக்கும் நூலை 1844 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அந்நூலை வாசித்தவர் மிகச் சிலரே. கணிதர் மோபியஸ் மதிப்புரை எழுதும்படி வேண்டப்பட்டும் எழுதவில்லை. 1847 ஆம் ஆண்டில் கிறாஸ்மன் பல்கலைக்கழகப் பதவியொன்றை நாடியபோது, கருத்துக் கேட்கப்பட்ட கும்மர், அவரது ஆக்கத்தில் நல்ல பொருள் உண்டெனினும் அது குறையுள்ள வடிவில் உரைக்கப்பட்டுள்ளது என அறிவித்தார். பதவி கிடைக்கவில்லை. 1864 ஆம் ஆண்டில் அந்நூலின் விற்பனையாகாத ஏறத்தாழ 600 பிரதிகள் கழிவுத்தாளாக்கப்பட்டன.

எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. நூலை முழுவதும் புதிதாக எழுதி, தமது செலவிலேயே 300 பிரதிகள் அச்சிட்டு 1862 ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். இன்று முதலாம் ஆண்டு மாணவர் கற்கும் பெரும்பாலான கருத்துகள் அந்நூலில் உள்ளன. ஏகபரிமாணச் சாராமை, அடித்தளம், பரிமாணம், உபவெளிகளின் கூட்டும் இடைவெட்டும் ஆகியன அங்கே காணப்படுகின்றன. இரு உபவெளிகளின் பரிமாணங்களைக் கூட்டினால், அவற்றின் கூட்டினதும் இடைவெட்டினதும் பரிமாணங்களின் கூட்டுத்தொகை வரும் என்னும் தேற்றம் அவருடையதே. உற்பத்திப் புள்ளியினூடாகச் செல்லும் வெவ்வேறான இரு தளங்கள் ஒரு கோட்டிலே வெட்டி, முழு வெளியையும் நிரப்புகின்றன; 2 + 2 = 3 + 1 என்பது அத்தேற்றத்தின் எளிய தோற்றமாகும். இரண்டாவது நூலும் வரவேற்பைப் பெறவில்லை.

அதன்பின் கிறாஸ்மன் தமது உழைப்பின் பெரும்பகுதியை மொழியியலின் பக்கம் திருப்பினார். சமஸ்கிருதம், கிரேக்கம் ஆகியவற்றின் மூச்சொலிகள் பற்றி அவர் கண்ட விதி 'கிறாஸ்மன் விதி' என இன்றும் மொழியியல் மாணவரால் அறியப்படுகின்றது. இருக்கு வேதத்திற்கான அவரது பேரகராதி 1873 ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. மொழிபெயர்ப்பும் அதனைத் தொடர்ந்தது. 1876 ஆம் ஆண்டில் ரியூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. மொழியியற் பணிக்காகவே அது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் பாடசாலை ஆசிரியராகவே மறைந்தார். 1844 ஆம் ஆண்டு நூலின் இரண்டாம் பதிப்பு, அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது.

இதனைக் காலத்தின் அநீதி என்று மட்டுங் கூறி அமைவது எளிது. நாம் அவ்வாறு கூற விரும்பவில்லை. கும்மரின் தீர்ப்பு கொடிதாயினும் ஆதாரமற்றதன்று. முதல் நூலில் மெய்யியல் விளக்கங்கள் முன்னே நின்றன. சூத்திரங்கள் அருகியே காணப்பட்டன. வாசகர் அறிந்த வினா எதிலிருந்தும் நூல் தொடங்கவில்லை. ஆசிரியர் தாமாக ஆக்கிய கலைச்சொற்கள் எவ்விடத்தும் மலிந்திருந்தன. இரண்டாவது நூலோ வரைவிலக்கணமும் தேற்றமுமாக இறுகிக் கிடந்தது. சிகரத்தைக் கண்டவர், அங்கே ஏறும் வழியைப் பிறருக்குச் சமைத்துக் கொடுக்கவில்லை.

ஏற்பும் பயனும்

கிறாஸ்மனின் நூலைப் பயனுற வாசித்தவருள் ஒருவர் இத்தாலியக் கணிதர் பியானோ. 1888 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் கிறாஸ்மனுக்குரிய கடனை வெளிப்படையாகக் கூறி, காவிவெளிக்கு இன்று நாம் தரும் வெளிப்படையுண்மைகளை ஏறத்தாழ அவ்வாறே எழுதினார். ஆயினும் அவ்வரைவிலக்கணமும் உடனே பரவவில்லை. 1918 ஆம் ஆண்டில் வைல் சார்புக் கொள்கை பற்றிய தமது நூலிலும், 1922 ஆம் ஆண்டில் பனாக் சார்புகளின் வெளிகளை ஆராய்கையிலும் அத்தகைய வெளிப்படையுண்மைகளைத் தேவை கருதியே எடுத்தாண்டனர். வளையிகளும் சார்புகளும் சமன்பாடுகளின் தீர்வுகளும் ஒரே விதிகளுக்கு அடங்குவன என்பது பல துறைகளிலும் அனுபவமாகிய பின்னரே, அவ்விதிகளைத் தனியே பிரித்தெழுதுவதன் பயன் கண்கூடாயிற்று. விளைச்சல் பிந்தியமைக்குக் காரணம் இதுவேயாகும்.

இக்கருவிகள் பரவியிருந்த அளவு எத்துணைச் சிறிது என்பதற்குப் பௌதிகவியலே சான்று. 1925 ஆம் ஆண்டில் ஹைசன்பேக் அணுவின் இயக்கத்தை விளக்க முனைந்தபோது, ஒழுங்கு மாறினால் விடை மாறும் விந்தையான பெருக்கலொன்றை எதிர்கொண்டார். தாயம் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அவரது கட்டுரையை ஆராய்ந்த மக்ஸ் போர்ண், மாணவப் பருவத்தில் பிறெஸ்லோ நகரில் ரோசானெஸ் ஆற்றிய விரிவுரைகளிலே தாம் கேட்ட தாயப் பெருக்கலே அது என்பதை இனங்கண்டார். சக்திச் சொட்டுப் பொறியியலுக்கு வேண்டிய கருவி கேலியின் கட்டுரையில் 67 ஆண்டுகளாகக் காத்திருந்தது.

கணனி தோன்றியதும், கொள்கைக்கும் விடைக்கும் இடையிலான பழைய இருமை மீண்டும் தலைதூக்கிற்று. பெருந் தொகுதிகளை நீக்கல் முறையால் தீர்க்கும்போது, எண்களை மட்டந்தட்டுவதால் விளையும் சிறு வழுக்கள் குவிந்து விடையையே அழித்துவிடாவா என்னும் ஐயம் எழுந்தது. ஃபொன் நொய்மன், கோல்ட்ஸ்ரைன் ஆகியோர் 1947 ஆம் ஆண்டிலும், ரியூரிங் 1948 ஆம் ஆண்டிலும் இதனை ஆராய்ந்தனர். சீனரின் கோற்பலகையில் நடந்த அதே நீக்கலை, முக்கோண வடிவிலான இரு தாயங்களின் பெருக்கமாக எழுதி ரியூரிங் ஆராய்ந்தார். இன்று இணையத் தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவும் பேரளவான தாயப் பெருக்கல்களிலேயே தங்கியுள்ளன.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். முதலாவது ஆசிரியருக்குரியது. காவிவெளியின் வரைவிலக்கணத்தை முதல் நாளிலே கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், 2,000 ஆண்டு உழைப்பின் முடிவைத் தொடக்கமாகத் தருகின்றார். அவ்வாறு தருவது தவறன்று. ஆனால் கதிர்க்கட்டுக் கணக்கொன்றை முதலிலே செய்வித்து, அவ்வெண்களின் அடுக்கிலே மாணவர் கண்ணைப் பதியவைத்து, பின்னர் வரைவிலக்கணத்தை அடைந்தால், அது வானிலிருந்து விழுந்ததாக அவருக்குத் தோன்றாது.

இரண்டாவது தமிழிற் கணிதம் எழுதுவோருக்குரியது. தாயம், துணிகோவை, காவி முதலாய சொற்களை ஆக்கித் தந்தோர் நமக்கு அரிய முதுசொம் ஒன்றை விட்டுச் சென்றுள்ளனர். ஆனால் சொல் இருந்தால் மட்டும் போதாதென்பதற்குக் கிறாஸ்மனின் நூல் சான்றாகும். அவரிடம் சொற்களும் இருந்தன, பொருளும் இருந்தது; வாசகர் நின்ற இடத்திலிருந்து புறப்படும் பாதை மட்டும் இருக்கவில்லை. அப்பாதை இன்மையால் 600 பிரதிகள் கழிவுத்தாளாயின. கணித உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டை இழந்தது. நமது மொழியில் எழுதப்படும் கணித நூல்களுக்கு அந்நிலை நேராதிருக்க வேண்டுமாயின், அப்பாதையை அமைப்பதையும் எழுதுவோர் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.